பள்ளியில் பேசும் உரிமை யாருக்கு? தன்பாலீர்ப்பு விவாதமும் கெடா மாணவரும்

தன்பாலீர்ப்பினரின் உரிமைகளுக்காகப் பள்ளி மாணவர் குரல் கொடுக்கலாமா என்னும் விவாதம், அமெரிக்காவில் மாணவருக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் இடையே நேருக்கு நேர் நடந்த ஒன்று. மலேசியாவில் அது பெரும்பாலும் அமைச்சர்கள், சமய அமைப்புகள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், மனித உரிமை இயக்கங்கள் ஆகிய பெரியவர்கள் மாணவரை நடுவில் நிறுத்தித் தமக்குள் நடத்திக்கொள்ளும் விவாதமாகவே இருந்துவருகிறது. தன் பாலைச் சேர்ந்தவரிடமே காதலும் ஈர்ப்பும் கொள்வது தன்பாலீர்ப்பு. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலோடு ஒருவரின் உள்ளுணர்வு பொருந்தாதிருப்பது பாலின அடையாளம் சார்ந்தது, திருநங்கையரும் திருநம்பியரும் அவ்வகையினர். இவ்விரண்டும் வெவ்வேறானவை என்றாலும், நாட்டின் அரசியல் மேடைகளில் 'எல்ஜிபிடி' என்ற ஒரே தலைப்பின்கீழ்தான் பேசப்படுகின்றன. கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டாரையொட்டிய மெர்கோங்கிலோ, சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களிலோ வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இவ்விவாதம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது, சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் தெளிவாகும்.

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள், 'இயற்கைக்கு மாறான உடலுறவு' என்று சட்டம் வரையறுக்கும் செயலுக்கு, இருவரும் இசைந்தே ஈடுபட்டிருந்தாலும், 20 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடமளிக்கின்றன. பிரிட்டிஷார் 1860இல் இந்தியாவுக்கு இயற்றிய தண்டனைச் சட்டத்தின் வழிவந்தவை இவை. இந்தியாவில் அதே 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் இசைவான உறவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று விடுவித்துவிட்டது. முஸ்லிம்களுக்கு இதற்கு மேல் மாநில ஷரியா சட்டமும் உண்டு. ஆகவே அலோர் ஸ்டாரின் தமிழ் முஸ்லிம் குடும்பமும் அதே தெருவில் வாழும் தமிழ் இந்துக் குடும்பமும் இவ்விஷயத்தில் ஒரே சட்டநிலையில் இல்லை. இவ்வகை மாநிலச் சட்டங்களுக்கும் எல்லை உண்டு: கூட்டரசுச் சட்டம் ஏற்கெனவே தொட்டுவிட்ட குற்றத்தை மாநிலம் மீண்டும் குற்றமாக்க முடியாது என்று கூறி, சிலாங்கூர் ஷரியா சட்டத்தின் 28ஆம் பிரிவை 2021 பிப்ரவரி 25 அன்று கூட்டரசு நீதிமன்றம் செல்லாததாக்கியது. தண்டனைச் சட்டத்தின் இப்பிரிவுகள் செயலைத்தான் தண்டிக்கின்றன; ஒருவரின் ஈர்ப்பையோ, 'சக மாணவனை இதற்காக அடிக்காதீர்கள்' என்று இன்னொருவர் சொல்வதையோ அவை குற்றமாக்கவில்லை. பொதுவெளியில் இந்த வேறுபாடு அடிக்கடி மறக்கப்படுகிறது. மறக்கப்படுவதால் சிலருக்கு ஆதாயமும் இருக்கிறது.

மாணவரின் வாயைக் கட்டும் சட்டங்களுக்குத் தன்பாலீர்ப்போடு எந்தத் தொடர்பும் இல்லை. அவற்றுள் முக்கியமான ஒன்றின் வேர் கெடா மண்ணிலேயே இருக்கிறது. 1974 நவம்பரில், ரப்பர் விலை சரிந்து விலைவாசி ஏறிய நிலையில், பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் பசிக்கொடுமையைச் சொல்லித் தெருவில் இறங்கினர். அவர்களுக்கு ஆதரவாக டிசம்பர் 3 அன்று கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். மாணவர் இயக்கத்திலிருந்து வந்து இளைஞர் இயக்கத் தலைவராயிருந்த அன்வார் இப்ராஹிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டார். அடுத்த ஆண்டே, 1971இல் இயற்றப்பட்டிருந்த பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் திருத்தப்பட்டு, மாணவர் அரசியலின் கதவு இறுக மூடப்பட்டது. பின்னர் 2012இலும் 2019இலும் வந்த திருத்தங்கள் அந்தப் பிடியை ஓரளவு தளர்த்தின. ரப்பர் விலைக்காகப் பேசியதற்குக் கிடைத்த அடியே மாணவர் அரசியலை நாற்பது ஆண்டுக்காலம் ஊமையாக்கிவைத்தது என்றால், பாலியல் பற்றிப் பேச மாணவர் தயங்குவதற்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை.

பள்ளி மாணவர் அந்தச் சட்டத்தின்கீழ் வரமாட்டார். அவருக்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளும் பொருந்தும். புறப்பாடக் கழகம் எதையும் தலைமையாசிரியரின் ஒப்புதலும் பொறுப்பாசிரியரும் இல்லாமல் நடத்த முடியாது. பள்ளிக்கு வெளியே 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம் நிற்கிறது: பொதுவாக 15 வயதுக்குக் குறைந்தவர் பேரணியில் கலந்துகொள்ளக் கூடாது, 21 வயதாகாதவர் அதை ஏற்பாடு செய்யக் கூடாது. வாக்களிக்கும் வயது 18 ஆக்கப்பட்ட அரசியலமைப்புத் திருத்தம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டதால், ஆறாம் படிவ மாணவர் ஒருவர் மாநில ஆட்சித் தலைவரான மந்திரி பெசாரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் வாக்களிக்கலாம், ஆனால் தம் பள்ளியில் நடக்கும் பகடிவதைக்கு எதிராக ஒரு சிறு பேரணிக்கு அழைப்பு விடுக்க முடியாது என்ற விசித்திர நிலை உருவாகியிருக்கிறது.

மாணவர் பேச முடியாத இந்த இடத்தை அரசும் அரசு சார்ந்த அமைப்புகளும் நிரப்பின. 2011 ஏப்ரலில் திரங்கானு மாநிலக் கல்வித்துறை, பெண்தன்மை கொண்டவர்கள் என்று ஆசிரியர்கள் அடையாளம் காட்டிய 66 மாணவர்களை, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களை, பெசுட்டில் நான்கு நாள் முகாமுக்கு அனுப்பியது. அன்றைய மகளிர் அமைச்சர் ஷாரிசாட் அப்துல் ஜலில், இது சிறார் சட்டத்துக்கு முரணானது, கைவிடப்பட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆளும் கட்சிக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இருக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. மறு ஆண்டு செப்டம்பரில், கெடாவுக்கு அண்டை மாநிலமான பினாங்கில் ஆசிரியருக்கும் பெற்றோருக்குமாக நடந்த ஒரு கருத்தரங்கில், பிள்ளைகளிடம் தன்பாலீர்ப்பின் 'அறிகுறி'களைக் கண்டறியும் பட்டியல் ஒன்று, துணைக் கல்வி அமைச்சர் முன்னிலையில் வழங்கப்பட்டது. கழுத்துப்பகுதி 'வி' வடிவில் வெட்டப்பட்ட சட்டை, இறுக்கமான வெளிர்நிற உடை, பெரிய கைப்பை ஆகியவை ஆண் பிள்ளைக்குரிய அறிகுறிகளாம். தோழியரோடு சேர்ந்து உண்பதும் உறங்குவதும் பெண் பிள்ளைக்குரியவையாம். பெண்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியரில் இப்பட்டியலுக்குத் தப்புபவர் யாரும் இருக்க முடியாது. கேலியும் கண்டனமும் எழுந்தபின், அத்தகைய வழிகாட்டியைத் தாங்கள் வெளியிடவில்லை என்று அமைச்சுத் தரப்பு மறுத்தது. 2017இல் சுகாதார அமைச்சு இளையோருக்கு அறிவித்த காணொளிப் போட்டியில், 'பாலின அடையாளக் குழப்பத்தை'த் தடுப்பது எப்படி என்பதும் ஒரு தலைப்பாக இருந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அதன் வாசகம் மாற்றப்பட்டது. இவை மூன்றும் இளையோரைப் பற்றியவை. அவர்களுடைய கருத்து மட்டும் கேட்கப்படவில்லை.

தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளையின் நிலையில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுவதால், 13 வயதில், ஆசிரியரும் மாணவரும் பெரும்பாலும் வேறு இனத்தவராக இருக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் அப்பிள்ளை நுழைகிறது; சிலர் அங்கே முதலாண்டைப் புகுமுக வகுப்பில் கழிக்கின்றனர். பருவ மாற்றமும் மொழி மாற்றமும் ஒரே ஆண்டில் வந்து சேர்கின்றன. நடையிலோ குரலிலோ மென்மை தெரியும் பையனுக்கு மலாயில் 'போண்டான்' என்றும் தமிழில் 'ஒன்பது' என்றும் பட்டப்பெயர் விழும்போது, அவன் யாரிடம் முறையிடுவது? ஆலோசக ஆசிரியரிடம் சொன்னால் செய்தி வீட்டுக்குப் போகுமோ என்ற அச்சம். வீட்டில் சொன்னால் தோட்டம் முழுவதும் பரவுமோ என்ற அச்சம். லயத்து வீடுகளில் சுவருக்கும் காது உண்டு என்பது எல்லாரும் அறிந்ததே.

இந்த அச்சத்தை மிகைக் கற்பனை என்று ஒதுக்க முடியாமல் செய்தது 2017 ஜூனில் பினாங்கில் நடந்த கொடுமை. அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த 18 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் இளைஞர் கும்பலால் தாக்கப்பட்டு, உடலில் தீக்காயங்களோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுச் சில நாள்களில் உயிரிழந்தார். பள்ளியில் படித்த காலத்திலிருந்தே அவர் 'போண்டான்' என்று கேலி செய்யப்பட்டுவந்தார் என்று அவருக்கு நெருக்கமானவர்கள் கூறியது நாடெங்கும் செய்தியாயிற்று. அவர் தன்பாலீர்ப்பினரா இல்லையா என்பது இங்கே பொருட்டே அன்று. பட்டப்பெயர் சூட்டுபவர் யாரும் அதை விசாரித்துவிட்டுச் சூட்டுவதில்லை. ஆண்மை குன்றியவன் என்று கருதப்படும் எந்தப் பிள்ளைக்கும் இது நேரலாம் என்பதால்தான், தன்பாலீர்ப்பு உரிமை என்று தலைப்பிடப்படும் பேச்சு, அவ்வுரிமையில் துளியும் அக்கறையில்லாத பெற்றோரின் வீட்டு வாசலுக்கும் வருகிறது.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் அவற்றின் வலுவான வடிவில் எடுத்துக்கொள்வதே முறை. பிள்ளையின் ஒழுக்கக் கல்வியில் முதல் உரிமை பெற்றோருக்கே என்பது ஒன்று. 14, 15 வயதுப் பிள்ளைகள் வெளி இயக்கங்களின் கருவிகளாக்கப்படலாம் என்பது இன்னொன்று. கூட்டரசின் சமயம் இஸ்லாம் என்று அரசியலமைப்பின் 3ஆவது பிரிவு கூறும் நாட்டில், அச்சமயம் விலக்கியதைப் பள்ளி ஊக்குவிப்பது பெரும்பான்மையினரின் மனத்தைப் புண்படுத்தும் என்பது மூன்றாவது. தமிழ் இந்துப் பெற்றோர் பலரும் மூன்றாவதை விட்டுவிட்டு முதலிரண்டையும் ஏற்பவர்களே. இவற்றுள் இரண்டாவது கவலைக்கு நியாயம் உண்டு. ஆனால் அதே கவலை திரங்கானு முகாமுக்கும் பொருந்தும். அங்கே பிள்ளைகள் பெரியவர்களின் கருவியாக்கப்படவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? பெற்றோர் உரிமை வாதமும் ஓரிடத்தில் முட்டி நிற்கிறது: பிள்ளைக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கலாம், அடுத்த வீட்டுப் பிள்ளை அடிபடுவதைப் பள்ளி தடுக்கக் கூடாது என்று எந்தப் பெற்றோரும் கோர முடியாது.

சிங்கப்பூரில் இவ்விவாதம் வேறொரு முனையில் வெடித்தது. திருநங்கை மாணவி ஒருவர், தமக்கு மருத்துவர் பரிந்துரைத்த ஹார்மோன் சிகிச்சையில் கல்வி அமைச்சு தலையிட்டதாக இணையத்தில் எழுத, அமைச்சு அதை மறுத்தது. 2021 ஜனவரி 26 அன்று அமைச்சுக் கட்டடத்தின் முன் ஐந்து பேர் பதாகை ஏந்தி நின்றனர், மூவர் கைதாயினர். அந்நாளில் கல்வி அமைச்சராயிருந்த லாரன்ஸ் வோங், மேலை நாடுகளின் பண்பாட்டுப் போர்களை இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம் என்னும் பொருள்பட நாடாளுமன்றத்தில் பேசினார். அடுத்த ஆண்டே, 2022 நவம்பரில், அதே நாடாளுமன்றம் ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கியது. ஜொகூர் பாலத்தின் இரு கரைகளிலும் ஒரே எண் கொண்ட சட்டப்பிரிவு இன்று இருவேறு கதியில் நிற்கிறது.

இறக்குமதி என்ற குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் அமெரிக்காவே சுட்டப்படுவதால், அங்கே நடந்ததைச் சரியாக அறிந்துகொள்வது நல்லது. தன்பாலீர்ப்பு மாணவரும் அவர்களுக்குத் துணைநிற்கும் மற்ற மாணவரும் சேர்ந்து அமைக்கும் பள்ளிக் கழகம் 1988இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கியது. மாணவர்களே சட்டமன்றத்துக்குச் சென்று வாதாடியதன் பயனாக, 1993 டிசம்பரில் அம்மாநிலத்தில் அவர்களுக்கான பாதுகாப்புச் சட்டமும் வந்தது. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரில் கதை வேறு. அங்கே ஈஸ்ட் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இத்தகைய கழகம் கேட்டபோது, அதை மட்டும் மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. காரணம், பள்ளியில் பைபிள் படிப்புக் கழகங்களுக்கு இடம் வேண்டும் என்று கிறிஸ்தவ அமைப்புகள் போராடிப் பெற்ற 1984ஆம் ஆண்டுச் சட்டம், பாடம் சாராத ஒரு கழகத்தை அனுமதித்தால் எல்லாவற்றையும் சமமாக நடத்த வேண்டும் என்று கூறியது. ஆகவே 1996 பிப்ரவரியில் கல்வி வாரியம், பாடம் சாராத கழகங்கள் அனைத்தையும் ஒரேயடியாகத் தடைசெய்தது. மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறினர். 2000ஆம் ஆண்டில் தடை விலக்கப்பட்டது. பக்திக் கழகத்துக்காகக் கட்டிய கதவின் வழியே எதிர்பாராதவர் நுழைந்த இந்தக் கதை, இடைநிலைப்பள்ளிகளில் இந்து மாணவர் கழகங்களுக்கு இடம் கேட்டு நிற்கும் மலேசியத் தமிழர் சற்று நின்று யோசிக்கத் தக்கது. ஒரு சிறுபான்மையின் கழகத்துக்கு மறுப்புச் சொல்லப் பழகிய தலைமையாசிரியர், அடுத்த சிறுபான்மைக்கும் அதே மறுப்பை எளிதில் நீட்டுவார்.

தமிழ்நாட்டில் மாற்றம் பள்ளிக்கு வெளியிலிருந்து வந்தது. மதுரையில் கல்லூரி மாணவராயிருந்த கோபி சங்கர் 2011இல் தொடங்கிய சிருஷ்டி மதுரை, மறு ஆண்டே அந்நகரில் பேரணி நடத்தியது. பெருநகரத்து ஆங்கிலம் படித்தோரின் விவகாரம் இது என்ற வாதத்தை அது கணிசமாக ஆட்டம் காணச் செய்தது. 2021 ஜூன் 7 அன்று, பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளிக்குமுன், இப்பொருள் குறித்துத் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று கூறி உளவியலாளர் ஒருவரிடம் அமர்வு கேட்டுப் பெற்றார். பாலீர்ப்பை மாற்றுவதாகக் கூறும் சிகிச்சையைத் தடைசெய்த அவரது உத்தரவு, பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் வழியே பெற்றோருக்கு விழிப்புணர்வூட்டவும் பரிந்துரைத்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் அரவணைப்பது குறித்து இந்தியாவின் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு வெளியிட்ட ஆசிரியர் கையேடு, எதிர்ப்பு எழுந்த சில நாள்களிலேயே இணையதளத்திலிருந்து மறைந்தது. தீர்ப்பு வந்துவிட்டால் வகுப்பறை மாறிவிடும் என்று நம்புவோர்க்கு அது ஓர் எச்சரிக்கை.

மலேசியாவில் இப்போதைக்குத் திறந்திருக்கும் வழி, பகடிவதைக்கு எதிரான சட்டமே. 2021இல் சிலாங்கூரைச் சேர்ந்த 17 வயது மாணவி ஒருவர், வகுப்பில் ஆசிரியர் பாலியல் வன்முறையை நகைச்சுவையாக்கியதை டிக்டாக்கில் வெளிப்படுத்தியபோது, நாடெங்குமிருந்து மாணவர்கள் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்தனர். அம்மாணவிமீதும் காவல்துறை விசாரணை நடந்தது. அவ்விவாதம் தன்பாலீர்ப்பைப் பற்றியதன்று. எனினும், பள்ளியில் பாதுகாப்பு என்ற தலைப்பில் மாணவர் பேசினால் சமூகம் காதுகொடுக்கும் என்பதை அது காட்டியது. இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளான தமிழ்ப் பெண் ஒருவரின் 2024ஆம் ஆண்டு மரணத்துக்குப்பின் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பகடிவதைக் குற்றப்பிரிவுகள் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. அப்பிரிவுகள் துன்புறுத்தப்பட்டவரின் பாலீர்ப்பை விசாரிப்பதில்லை. அச்சுறுத்தும், இழிவுபடுத்தும் சொல்லையும் செயலையுமே பார்க்கின்றன. மெர்கோங்கில் படிக்கும் ஒரு மாணவர், தம் நண்பனுக்காக அப்பிரிவுகளைச் சுட்டிப் பள்ளியில் புகார் எழுதிக் கொடுக்கலாம்; அதைப் பகடிவதை என்று பதிவதா, பையன்களின் விளையாட்டு என்று மடித்து வைப்பதா என்பதை முதலில் முடிவு செய்பவர் இன்றும் அப்பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியர்தான்.