மன்னர் சொல்லே சட்டமான நாட்டில்

முடியாட்சி என்றாலே எல்லாம் ஒன்றுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். இல்லை. பிரிட்டனிலும் மன்னர் இருக்கிறார். ஆனால் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம். சட்டம், நிர்வாகம், நீதி மூன்றிலும் கடைசி வார்த்தை மன்னருடையது என்றால், அது வரம்பற்ற முடியாட்சி (மன்னருக்கு மேல் வேறு அதிகாரம் இல்லாத ஆட்சி).

அப்படி ஆண்டவர் யார்? பிரான்சின் பதினான்காம் லூயி. 1661-இல் முதலமைச்சர் மசாரின் இறந்ததும், அந்தப் பதவிக்கு வேறு ஆளைப் போடாமல் தானே ஆளத் தொடங்கினார். 1715-இல் இறக்கும்வரை அப்படித்தான். நாட்டின் பிரதிநிதிகள் பேரவையை ஒருமுறைகூட அவர் கூட்டவில்லை.

இதனால் சாதாரண ஆளுக்கு என்ன வந்தது? மன்னர் பெயரில் கையெழுத்திட்டு முத்திரை வைத்த ஒரு கடிதம் போதும், விசாரணையே இல்லாமல் ஒருவரைப் பாஸ்டில் கோட்டையில் அடைத்துவிடலாம். எத்தனை நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்பேச்சுக் கேளாத மகனைப் பூட்டிவைக்கச் சொல்லி, தகப்பன்மாரே மனுப் போட்டு இந்தக் கடிதத்தை வாங்கியதும் உண்டு.

நல்ல மன்னர் வாய்த்தால் சரியாகிவிடாதா? 1598-இல் நான்காம் ஹென்றி, சிறுபான்மையினரான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்து ஆணையிட்டார். 1685-இல் அவருடைய பேரனான பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். அவர்களின் கோயில்கள் இடிக்கப்பட்டன; சுமார் 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். ஆணையால் வந்த உரிமை ஆணையாலேயே போய்விட்டது. மன்னர் நல்லவரா என்பதைவிட, அவரைத் தடுக்க யாருக்காவது அதிகாரம் உண்டா என்பதே முக்கியம்.

அப்படியானால் பிரான்ஸ் எப்படி மாறியது? கடனால். கஜானா காலியாகி, பதினாறாம் லூயி 1789-இல் பேரவையைக் கூட்ட வேண்டியதாயிற்று. அது 175 ஆண்டுகளாகக் கூடாத பேரவை. அந்த ஆண்டே புரட்சி வெடித்தது.

இன்றும் இப்படிப்பட்ட ஆட்சி இருக்கிறதா? சவூதி அரேபியா, ஓமன், புருனே, எஸ்வாத்தினி ஆகிய நாடுகளில் இருக்கிறது. சவூதியில் ஷூரா என்ற 150 பேர் கொண்ட மன்றம் உண்டு. ஆனால் அவர்களை நியமிப்பவர் மன்னர். மன்றம் ஆலோசனை சொல்லலாம், மன்னரைக் கட்டுப்படுத்த முடியாது.

சவூதிக்கு வேலைக்குப் போகிறவர் என்றால், உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. நாடாளுமன்ற விவாதம் எதுவும் இல்லாமலே விதிகள் மாறலாம். அது நன்மையாகவும் வரும்: பெண்கள் கார் ஓட்ட 2018-இல் அனுமதி கிடைத்தது அரச ஆணையால்தான். 2017-இல், முறையான ஆவணம் இல்லாத தொழிலாளர்கள் அபராதமின்றி ஊர் திரும்பப் பொதுமன்னிப்பும் அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட வாய்ப்புக்குக் கெடு உண்டு, தவறவிடாதீர்கள். முன்பு போய்வந்தவர் சொல்லும் விதி இன்று செல்லுமா என்று அரசு அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

சம்பளம் வராவிட்டால் வேலைநிறுத்தம் செய்யலாமா? கூடாது, அங்கே அதற்கு அனுமதி இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், அதன்பின் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். ரியாத்தில் இந்தியத் தூதரகமும் ஜித்தாவில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. மன்னரையோ அரசையோ விமர்சித்து முகநூலில் ஒரு வரி எழுதினாலும் சிறைவரை போகலாம். வந்ததைப் பகிர்வதற்கு முன்பும் யோசியுங்கள்.

கூட்டமாகக் கேட்க வழியில்லாத இடத்தில் உங்கள் கையில் உள்ள காகிதமே உங்களுக்காகப் பேச வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொண்டபின் கையெழுத்திடுங்கள். ஒரு நகலை உங்களிடமும் இன்னொன்றை வீட்டிலும் வையுங்கள்.