பெயர் பெறாத வலி: கருப்பை அகப்படல நோயும் துணை மருத்துவமும்

நோய்க்கு ஒரு பெயர் கிட்டும்பொழுதே பாதித் துயர் தணிந்துவிடுகின்றது. பெயர் பெறாத வலியோ சோம்பல் என்றும் சாக்கு என்றும் பழிக்கப்படுகின்றது. மாதந்தோறும் இரண்டு மூன்று நாள்கள் வெற்றாகக் கிடக்கும் இருக்கைகளை நம் வகுப்பறைகளில் நாம் காண்கின்றோம். முன்பொருமுறை, வருகைப் பதிவு குறைந்த மாணவி ஒருவரை நாமே கடிந்துகொண்டோம். அவர் தலைகுனிந்து நின்றாரேயன்றி ஒன்றும் கூறினாரல்லர். பின்னாளில் அவருக்கு அறுவை மருத்துவம் நடந்த பிறகே அந்நோயின் பெயரை அறிந்தோம். எண்டோமெட்ரியோசிஸ் என்பது அதன் பெயர். தமிழில் கருப்பை அகப்படல நோய் எனலாம். அன்றைய கடுஞ்சொல்லுக்கு ஈடாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

நோயின் இயல்பு

கருப்பையின் உட்புறத்தை ஒரு மெல்லிய படலம் போர்த்தியுள்ளது. அது மாதந்தோறும் தடித்து, பின் உதிர்ந்து, குருதியோடு வெளியேறும். அதனை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ, கருக்குழாயிலோ, குடலின் மேலோ வளர்வதே இந்நோய். அங்குக் கசியும் குருதிக்கு வெளியேறும் வழி இல்லை. ஆதலின் அவ்விடம் அழன்று, தழும்பேறி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சூலகத்தில் பழங்குருதி தேங்கி உண்டாகும் கட்டியை 'சாக்லேட் கட்டி' என்று வழங்குவர். கடும் மாதவிடாய் வலி, இடுப்பு வலி, மலங்கழிக்கையில் வலி, தீராச் சோர்வு, சிலர்க்கு மகப்பேற்றில் தடை ஆகியன இதன் அறிகுறிகள்.

உலகில் கருவுறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், அதாவது 19 கோடிப் பேர், இந்நோயால் வருந்துவதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆயினும் நோயைக் கண்டறியப் பல ஆண்டுகள் கழிகின்றன. "கல்யாணமானால் சரியாகிவிடும்", "ஒரு பிள்ளை பெற்றால் போய்விடும்" என்று நம் வீடுகளில் கூறும் ஆறுதலும் இக்காலத் தாழ்வுக்கு ஒரு காரணம். திருமணமோ மகப்பேறோ இந்நோய்க்கு மருந்தன்று.

துணையும் மாற்றும்

வலி நீக்கி மாத்திரை, இயக்குநீர் மருந்து, நுண்துளை அறுவை ஆகியன இன்றுள்ள மருத்துவ முறைகள். இவை துன்பத்தைத் தணிப்பன. நோயை வேரோடு களைவன அல்ல. அறுவைக்குப் பின்னும் வலி மீளக்கூடும். எனவேதான் உடல், உள்ளம், உணவு, உறக்கம் அனைத்தையும் ஒருங்கே பேணும் முழுநல நோக்கு வேண்டப்படுகின்றது. இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். மருத்துவர் தரும் சிகிச்சையோடு சேர்ந்து நடப்பது துணை மருத்துவம். அதனைக் கைவிட்டு அவ்விடத்தில் அமர்வது மாற்று மருத்துவம். நாம் பரிந்து பேசுவது முன்னதையே.

நம் பாட்டிமார் அறிந்த வெந்நீர் ஒத்தடத்திலிருந்தே தொடங்கலாம். வெப்பம் இறுகிய தசையைத் தளர்த்துகின்றது. மாதவிடாய் வலியைத் தணிப்பதாக ஆய்வுகளும் கூறுகின்றன. நெடுநாள் வலியால் இடுப்புத் தளத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும்; அவற்றைத் தளர்த்தும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்பிப்பர். பிரேசில் நாட்டில் நடந்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 40 பெண்களுள் ஒரு சாரார் வாரம் இருமுறையாக எட்டு வாரம் யோகப் பயிற்சி செய்தனர். பயிலாதவரைவிட அவர்க்கு அன்றாட வலி குறைந்தது. ஆய்வு சிறிதாயினும் அதன் பயன் புறக்கணிக்கத் தக்கதன்று.

உணவைப் பொறுத்தவரை, அமெரிக்கச் செவிலியரை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, சிவப்பு இறைச்சியை மிகுதியாக உண்டோரிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டதை 2018-இல் எடுத்துரைத்தது. இது தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை மெய்ப்பிக்காது. எனினும் ஆட்டிறைச்சியைக் குறைத்து மீனும் கீரையும் பருப்பும் கூட்டிக்கொள்வதால் இழப்பொன்றுமில்லை.

எச்சரிக்கை

மனித இனப்பெருக்கத்திற்கும் கருவியலுக்குமான ஐரோப்பியச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய முறைகளைப் பற்றி மருத்துவர் நோயாளியோடு கலந்துரையாட வேண்டும் என்கின்றது. அதேவேளை, வலிதணிக்க இன்ன முறையே என்று எதனையும் சுட்டிப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்றும் கூறுகின்றது. இந்நடுநிலையே நமக்கும் உகந்தது. மூலிகை எனின் தீங்கற்றது எனக் கொள்ளல் பிழை. அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும். சில மூலிகைகள் ஈஸ்ட்ரோஜன் போலச் செயலாற்றும்; அவ்வியக்குநீரே இந்நோயை வளர்ப்பது. ஆகவே சித்தம், யுனானி, ஆயுர்வேதம் எதுவாயினும், உண்ணும் மருந்தனைத்தையும் மகளிர் மருத்துவரிடம் மறையாது கூறல் வேண்டும். "முற்றும் குணமாக்குவோம்" என்னும் விளம்பரங்களை நம்பிப் பொருளையும் காலத்தையும் இழத்தல் கூடாது.

நம் கடமை

விலக்கு, தூரம், தீட்டு என ஒதுக்கி வைப்பதற்கு நம் மொழியில் சொற்கள் பல உள. "வலிக்கின்றதா?" என்று கேட்பதற்கோ ஒரு சொல் போதும், அதனைத்தான் நாம் கேட்பதில்லை. பள்ளிக்கோ கல்லூரிக்கோ செல்ல இயலாதவாறு மாதந்தோறும் வலி வருமாயின் அது இயல்பன்று என்பதைத் தாய்மார் உணர்தல் வேண்டும். வருகைப் பதிவேட்டைக் கையிலேந்தும் ஆசிரியர் கடிவதற்கு முன் வினவுதல் வேண்டும். குடும்பப் பெரியோர் மகப்பேற்றுத் தாமதத்தைப் பெண்ணின் குறையாகப் பேசாதிருத்தல் வேண்டும். மாணவியர் நாணம் விட்டு உரைத்தல் வேண்டும். ஒத்தடமும் பயிற்சியும் உணவும் துணைநிற்கும். ஆயின், அவள் சொல்வதை நம்புதலே துணைகள் அனைத்திற்கும் தலையாய துணை. அதனை இன்றே நல்கத் தொடங்குவோமாக!