கருவாட்டு வண்டுக்கு எமனாகும் எலக்ட்ரான் எந்திரம்

காரைக்கால்மேடு:
கிழக்கு கடலோரத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 2 மாதமும் காரைக்கால்மேடு போன்ற மீனவ கிராமங்களில் கருவாடுதான் கைகொடுக்கும். ஆனால் மூட்டை கட்டி வச்ச நெத்திலியில வண்டு விழுந்துட்டா? உப்பு, வெயில், பெண்கள் பட்ட பாடு எல்லாம் தூளாகிப் போகும்.

பூச்சிமருந்து அடிக்காமலே இந்த வண்டை ஒழிக்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் எலக்ட்ரான் கற்றை எந்திரம்.

பழைய டி.வி. மாதிரி

வீட்டில் இருந்த பழைய குண்டு டி.வி.யில் பின்பக்க குழாயில் இருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்து திரையில் மோதியதால்தான் படம் தெரிந்தது. அதற்கு சுமார் 25 ஆயிரம் வோல்ட் போதும். இந்த ராட்சத எந்திரத்தில் எலக்ட்ரான்களுக்கு 1 கோடி வோல்ட் அளவுக்கு வேகம் ஏற்றுகிறார்கள். ஓடும் பெல்ட்டில் பாக்கெட்டை வைத்தால் போதும். எலக்ட்ரான்கள் பாக்கெட்டைத் துளைத்து உள்ளே போகும். வண்டு, புழு, முட்டை எதுவும் தப்பாது. சில வண்டு அந்த நேரமே சாகாது. ஆனாலும் அதன் முட்டை பொரியாது, இனம் பெருகாது.

நவிமும்பை கார்கரில் பாபா அணு ஆராய்ச்சி மையமும், இந்தூரில் ராஜா ராமண்ணா மையமும் இந்த எந்திரங்களை வைத்துள்ளன. ஆஸ்பத்திரி பொருட்களில் கிருமி நீக்குவது, கேபிள் உறையை சூடு தாங்க வைப்பது, புது ரக விதை உருவாக்குவது என அங்கே பல ஆராய்ச்சி நடக்கிறது. தென்கொரியாவின் டேகு நகரில் சாயக்கழிவு நீரையே இப்படி சுத்தம் செய்தார்கள். தினமும் 1 கோடி லிட்டர்! திருப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

சாப்பிட்டா ஆபத்தா?

"கதிர்வீச்சு பட்ட மீனை எப்படி சாப்பிடுறது?" என்ற பயம் வருவது சகஜம்தான். ஆனால் எக்ஸ்ரே எடுத்த கையில் எக்ஸ்ரே தங்குவதில்லை. அதுபோலத்தான் இதுவும். சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். கருவாட்டில் கதிரியக்கம் ஒட்டாமல் இருக்கவே, எலக்ட்ரான் வேகத்துக்கு 1 கோடி வோல்ட்தான் உச்சவரம்பு என சட்டம் போட்டுள்ளனர். உலர்ந்த மீனில் பூச்சி ஒழிக்க 1 கிலோகிரே வரை அனுமதி. அந்த அளவில் கருவாடு 1 டிகிரி கூட சூடாகாது.

கெட்டுப்போன மீனை இது நல்ல மீனாக்காது. நாற்றம் போகாது. ஈரம் இருந்தால் பின்னாடி பூஞ்சையும் பிடிக்கும். நல்லா காயவைத்து, வண்டு மறுபடி நுழையாதபடி பாக்கெட் போட்டபிறகுதான் எந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். எலக்ட்ரான் சில சென்டிமீட்டர் ஆழம்தான் போகும் என்பதால் பெரிய மூட்டையும் சரிப்படாது.

சிக்கல் தூரம்தான். 100 கிலோ கருவாட்டை காரைக்கால்மேட்டில் இருந்து இந்தூருக்கு அனுப்பினால் லாரி வாடகைக்கே கட்டுபடியாகாது. துறைமுகமும் மீன்பிடி ஊர்களும் வரிசையாக இருக்கும் இந்த கடலோரத்துக்கு பொதுவாக ஒரு எந்திரம் வந்தால்தான் சிறு வியாபாரிக்கு பலன்.