ஓர் ஆசிரியர், பல பொறுப்புகள்

பண்ணைப்புரம் என்றதும் வெளியூர்க்காரர்கள் "இளையராஜா பிறந்த ஊர்தானே?" என்பார்கள். அந்தப் பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனால் இங்கே வேலை பார்க்கும் ஆசிரியருக்கு முதலில் பழகிப்போவது விடியற்காலை ஜீப் சத்தம்தான். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் பெண்கள், நம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள். "மலைக்குப் போறோம் டீச்சர்" என்பார்கள். வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்.

நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியர். பி.எட். முடித்து வேலைக்கு வந்தபோது, பாடத்தைத் தெளிவாக நடத்தினால் என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். இன்று என் ஒரு நாளை எழுதிப் பார்த்தால் பாடம் நடத்துவது, தேர்வுத் தாள் திருத்துவது, செயலியில் வருகை பதிவது, வகுப்பாசிரியர் வேலை, உதவித்தொகை விண்ணப்பம், பெற்றோரிடம் பேசுவது, அழும் பிள்ளையைத் தேற்றுவது என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எது நம் தொழில், எது கூடுதல் சுமை, எது நம் வேலையே இல்லை? இந்தக் கேள்விக்கு விடை தேட வைத்தது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி.

வருகைப் பதிவு சொன்ன செய்தி

அந்த மாணவி வாரத்தில் இரண்டு மூன்று நாள் வரமாட்டாள். வந்தாலும் பின்னங்கள் பாடத்தில் வாயே திறக்கமாட்டாள். "கவனக்குறைவு" என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். ஒரு நாள் வகுப்பு முன்னிலையில், "படிக்க விருப்பம் இல்லையென்றால் எதற்கு வருகிறாய்?" என்றும் கேட்டுவிட்டேன். மறுநாள் முதல் ஒரு வாரம் அவள் வரவே இல்லை.

அந்த வாரம் பழைய வருகைப் பக்கங்களைப் புரட்டினேன். ஜூன் மாதத்தில் ஒழுங்காக வந்திருக்கிறாள். மலையில் காய் எடுப்பு மும்முரமானதும் விடுப்பு கூடியிருக்கிறது. நாள்தோறும் நான் பதிந்த விவரம்தான். ஒருமுறையும் படித்துப் பார்க்கவில்லை.

ஞாயிறு மாலை அவள் வீட்டுக்குப் போனேன். "அவ மேல தப்பில்ல டீச்சர். பாட்டிக்கு முடியாமப் போச்சு. சின்னவனுக்கு நாலு வயசு. நான் மலைக்குப் போனா அவனை யாரு பாக்குறது?" என்றார் அம்மா. கதவோரம் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். கவனக்குறைவு என்று நான் எழுதிய பிள்ளை, ஒரு வீட்டையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

சட்டம் சொல்லும் பொறுப்புகள்

அதன் பிறகுதான் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை முழுதாகப் படித்தேன். பிரிவு 24 ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. காலந்தவறாமல் பள்ளிக்கு வருதல், பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடித்தல் ஆகியவை நமக்குத் தெரிந்தவை. அடுத்துள்ள இரண்டும் முக்கியமானவை. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். பெற்றோரைத் தவறாமல் சந்தித்து வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். ஆக, வீடு தேடிப் போனதை நான் செய்த கருணை என்று நினைத்துக்கொள்ள இடமில்லை. பெற்றோரைச் சந்திப்பது என் தொழிலின் பகுதி. அதைத் தாமதமாகச் செய்திருந்தேன்.

பிரிவு 17 உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வகுப்பின் முன் நான் கேட்ட கேள்வியை இந்தப் பிரிவோடு சேர்த்துப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

இதே சட்டம் நமக்குப் பாதுகாப்பும் தருகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகளைத் தவிர, கல்வி சாராத வேலைகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது பிரிவு 27. வாரத்துக்கு 45 மணி நேரம் என்று அட்டவணை வகுக்கும் பணி நேரத்தில், பாடத் தயாரிப்பு நேரமும் அடக்கம். தயாரிப்பும் வேலைதான் என்பதை நாம் பல நேரம் மறந்துவிடுகிறோம்.

வகுப்பறைக்குள் மூன்று பொறுப்புகள்

கற்பிப்பவர், மதிப்பிடுபவர், தானும் கற்பவர். இந்த மூன்றும் பிரிக்க முடியாதவை. அந்த மாணவிக்குப் பின்னம் ஏன் வரவில்லை என்று சின்னச் சின்னக் கேள்விகளால் சோதித்தேன். நான்காம் வகுப்பு அளவிலேயே இடைவெளி இருந்தது. ஏழாம் வகுப்புப் பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தி அதைச் சரிசெய்ய முடியாது.

அப்போது ஏலக்காய் கைகொடுத்தது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். இது எங்கள் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்த கணக்கு. "காய்ந்தபின் எத்தனை பங்கு மிஞ்சும்?" என்று கேட்டேன். "அஞ்சுல ஒண்ணு" என்றாள் அவள். கரும்பலகையில் 1/5 என்று எழுதினேன். "இருபது கிலோ எடுத்தால்?" "நாலு." அதுவரை பேசாதவள் அன்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். எந்த ஊரானாலும் அந்த ஊர்த் தொழிலில் ஒரு கணக்குப் பாடம் இருக்கும். திராட்சைத் தோட்டமோ தறிக்கூடமோ மீன்பிடித் துறையோ, அதைக் கண்டுபிடிக்கும்போது ஆசிரியர் மாணவராகிறார்.

இணைப்பவர்

அவள் தம்பியைப் பார்த்துக்கொள்வது என்னால் ஆகாத காரியம். அதற்கு ஊரில் அங்கன்வாடி இருக்கிறது. காலையில் அக்கா தம்பியை அங்கே விட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவது, அங்கன்வாடி முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா அழைத்துப் போவது என்று ஏற்பாடானது. நான் செய்தது மூன்று பேரை ஒருவரோடு ஒருவர் பேசவைத்ததுதான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஊரில் பகல் கூட்டத்துக்கு மலைக்குப் போகும் தாய்மார்கள் வர முடியாது. வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் மாதத்தில் ஒரு நாள், ஜீப் வந்து நிற்கும் இடத்தில் மாலையில் நின்று பேசுகிறேன். களைத்து வருபவர்களிடம் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. முதலில் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல செய்தி, பிறகு ஒரே ஒரு வேண்டுகோள். அவ்வளவுதான்.

வழிகாட்டுவதும் இந்தப் பொறுப்பில் அடங்கும். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில் தேர்வானால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 உண்டு. பெண்ணை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழும்போது, இந்தத் தகவல் சில நேரம் அறிவுரையைவிட அதிகம் பேசும்.

எல்லை எங்கே?

நாம் மருத்துவரோ காவலரோ உளவியல் நிபுணரோ அல்லர். இதை மறந்தால் பிள்ளைக்கே கேடு. பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு குழந்தை நம்மிடம் சொன்னால், நாமே விசாரிக்கவோ இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசவோ கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்; தெரிவிக்கத் தவறுவது குற்றம். பதினான்கு வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு அனுப்புவதாகவோ, குழந்தைத் திருமணம் நடக்கவிருப்பதாகவோ தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. கல்வி, தேர்வு, மனச்சோர்வு தொடர்பான ஐயங்களுக்கு 14417 இருக்கிறது.

இங்கே ஆசிரியரின் தொழில் மூன்று படிகள் கொண்டது: கவனித்தல், உரியவரிடம் சேர்த்தல், பிறகு என்ன ஆயிற்று என்று தொடர்ந்து கேட்டல். மூன்றாவதைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். இதற்காக ஒரு சாதாரண நோட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று பத்தி: என்ன பார்த்தேன், யாரிடம் சொன்னேன், என்ன நடந்தது. "கவனக்குறைவு" போன்ற சொற்களை அதில் எழுதுவதில்லை. "மூன்று நாள் வரவில்லை" என்று எழுதுகிறேன். தீர்ப்பு எழுதினால் அதோடு முடிந்துவிடுகிறது. பார்த்ததை எழுதினால் ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. பிள்ளைகளின் வீட்டுச் செய்திகள் அதில் இருப்பதால், நோட்டு பூட்டிய மேசைக்குள் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி

புதிதாக ஒரு வேலை வரும்போது இப்போது நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இது ஒரு பிள்ளையைப் பள்ளிக்கும் கற்றலுக்கும் அருகில் கொண்டுவருமா? ஆம் என்றால் அது என் பொறுப்பு. இல்லை என்றால், சட்டம் சொல்லும் அளவோடு செய்துவிட்டு வகுப்பறைக்குத் திரும்புகிறேன். பதிவேட்டு வேலையும் இப்படித்தான். பதிவதோடு நிறுத்தினால் சுமை. படித்துப் பார்த்தால் ஒரு பிள்ளை கிடைக்கலாம்.

அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். பாட்டிக்கு இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. சில திங்கட்கிழமைகளில் அவள் இடம் காலியாகத்தான் இருக்கிறது. அன்று மாலையே அவள் வீட்டுப் பக்கம் போய்விடுகிறேன். உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். போன வாரம் ஒரு பின்னக் கணக்கில் நான் அவசரத்தில் தவறு செய்தேன். "டீச்சர், அது அஞ்சுல ரெண்டு" என்று திருத்தினாள். என் பொறுப்புகளில் கொஞ்சம் அவளும் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.