கல் வரைந்த சினிமா

கல் அச்சில் வந்த பழைய சினிமா போஸ்டரை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளிகளே தெரியாது. இன்றைய போஸ்டரில் கதாநாயகியின் கன்னம்கூட நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளின் கூட்டம்தான். பழையதில் ஓவியரின் மெழுகுப் பென்சில் கல்லின் சொரசொரப்பை உரசிச் சென்ற தடம் அப்படியே இருக்கும்: அழுத்திய இடத்தில் அடர்த்தியாக, கை தளர்ந்த இடத்தில் மணல் தூவியதுபோல. அந்தப் போஸ்டர்களைப் பார்த்ததும் 'ஓவியம்' என்று மனசுக்குப் படுவதற்குப் பழசின் மீதுள்ள மோகம் ஒரு காரணம் என்றால், இந்தத் தடம் இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

இந்த அச்சு முறையைக் கண்டுபிடித்தவர் ஒரு நாடகக்காரர். இன்றைய ஜெர்மனியின் பவேரியாவில் வாழ்ந்த அலாய்ஸ் செனஃபெல்டர், தன் நாடகங்களை அச்சிடக் காசில்லாமல் மலிவான சுண்ணாம்புக் கல்லை வைத்து ஏதேதோ செய்துபார்த்துக்கொண்டிருந்தார். சலவைக்குப் போடும் துணிகளின் கணக்கை அம்மா எழுதச் சொன்னபோது கைக்குக் காகிதம் கிடைக்கவில்லை. மெழுகு மையால் கல்லிலேயே எழுதிவைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அது 1796. அந்தக் கிறுக்கல் இரண்டே ஆண்டுகளில் ஒரு தொழிலாகிவிட்டது.

எண்ணெயும் தண்ணீரும் சேராது, இவ்வளவுதான் சூட்சுமம். மெழுகுப் பென்சிலிலுள்ள கொழுப்பு அமிலம் கல்லின் கால்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பாக அங்கேயே பிடித்துக்கொள்கிறது. அதன்மேல் வேலம் பிசினில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். வரையாத இடங்களில் பிசின் ஒட்டி, அவை ஈரத்தைப் பிடித்துவைக்கும் இடங்களாகின்றன. பிறகு கல்லை நனைத்து எண்ணெய் மை உருளையை ஓட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். வரைந்த இடம் வாங்கிக்கொள்ளும். மர அச்சைப் போல மேடோ செப்புத் தகட்டைப் போலக் குழியோ இதற்குத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல் வேண்டும். எல்லாவற்றிலும் இடம் வலம் மாற்றி வரைய வேண்டும், எழுத்துகளையும் சேர்த்து. ஒரு கல் கொஞ்சம் விலகினாலும் நாயகியின் உதட்டுச் சிவப்பு தாடைக்கு இறங்கிவிடும்.

எந்தச் சுண்ணாம்புக் கல்லும் இதற்கு உதவாது. பேர்பெற்றது பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் கல். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், அலையடிக்காத உப்புநீர்க் காயலின் அடியில் மாவு போன்ற சேறு படிந்து இறுகியது அது. பென்சில் தடத்தை நுணுக்கமாகப் பதிந்துகொள்ளும் அதே கல், ஒரு சிறகின் இழைகளையும் பதிந்துவைத்திருந்தது. டைனோசருக்கும் பறவைக்கும் நடுவில் நிற்கும் ஆர்க்கியாப்டெரிக்ஸ் 1861இல் உலகுக்குத் தெரியவந்தது அந்தக் கல்குவாரிகளிலிருந்துதான். அச்சுத் தொழிலுக்காக அங்கே கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து பார்த்திராவிட்டால் அது இன்னும் எத்தனை காலம் புதைந்து கிடந்திருக்குமோ!

கல் அச்சு சினிமாவிடம் சீக்கிரமே வந்துசேர்ந்தது. ஓவியர் ழூல் ஷெரே, லூமியேர் சகோதரர்கள் சினிமா காட்டுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1892இல், பாரிஸில் எமில் ரெனோ காட்டிய அசையும் படங்களுக்குக் கல் அச்சில் போஸ்டர் வரைந்துவிட்டார். நம் பக்கம் ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகமும் ஜெர்மன் இயந்திரங்களைக் கொண்டு கல் அச்சில்தான் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுகளுக்கு அனுப்பியது. பின்னாளில் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த தாதாசாகேப் பால்கே அந்த அச்சகத்துக்காக வேலை பார்த்தவர்.

கல்லின் இடத்துக்கு உலோகத் தகடும் ஆஃப்செட் அச்சும் வந்தபிறகும் எண்ணெய்-தண்ணீர்ச் சண்டை மாறவில்லை. புள்ளிகள் வந்தன, கூடவே நம் தெருக்களில் எல்லோரும் பார்த்த ஒரு விந்தையும் வந்தது. வெயில்படும் சுவரில் சில மாதம் கிடந்த போஸ்டரில் நாயகன், வில்லன், ரத்தம் எல்லாம் நீலமாகிவிடும். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்குவதால்தான் மஞ்சளாகத் தெரிகிறது. நீல ஒளியில் ஆற்றல் அதிகம். அந்த மையின் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்திருக்கும் பகுதியை வெயிலும் ஈரமும் காற்றும் மெல்ல முறித்துவிடுகின்றன. சிவப்பு மையின் கதியும் ஏறக்குறைய அதுவே. நீல மையான தாலோசயனினோ நடுவில் செம்பு அணுவை வைத்துச் சுற்றிலும் வளையமாக இறுகியது, அசைந்துகொடுக்காது. அந்தக் குடும்பத்து நிறமி ஒன்று 1928 வாக்கில் ஸ்காட்லாந்துச் சாயத் தொழிற்சாலையில் கொதிகலத்தின் எனாமல் விரிசல்விட்டு, உள்ளிருந்த இரும்பு கலந்ததால் தற்செயலாகக் கண்ணில் பட்டது. கறுப்பு வெறும் கரி. அதற்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை.

ஒட்டிக் கிழிக்கவே அச்சடித்த காகிதம் என்பதால் பழைய போஸ்டர்கள் எஞ்சியதே அபூர்வம். 1927இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கு ஓவியர் ஷுல்ஸ்-நொய்டாம் வரைந்த போஸ்டர் ஒன்று 2005இல் 6,90,000 டாலருக்கு விலைபோனது. இப்படி விலை ஏறினால் போலிகள் வராமல் இருக்குமா? அதற்கும் வேதியியலே துணை. காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ஒளிர்பொருள்களைப் பரவலாகச் சேர்க்கத் தொடங்கியது 1950ஐ ஒட்டித்தான். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தக் காகிதம் பளீரென நீலமாக மின்னும். 1927 என்று சொல்லிக் கொண்டுவந்தது மின்னினால், பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.