கவியின் சாபமும் கரித்தூளும்

திருமலைராயன்பட்டினம் என்றதும் காளமேகப் புலவரின் சாபமும் மண்மாரியும் அல்லவா நேயர்களின் ஞாபகத்துக்கு வரும்? இப்போது அவ்வூர்ப் பக்கத்து ஜனங்கள் அஞ்சுவது வேறொரு மாரிக்கு. கீழவாஞ்சூரில் 2009-ல் ஆரம்பமான காரைக்கால் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக நிலக்கரி இறங்குகிறது. காற்றடித்தால் கரித்தூள் நாகூர் வரை பரவி, கொடியில் உலரும் வேஷ்டியிலும் படிகிறது என்பது அவர்களுடைய முறையீடு. 2023-ல் அதானி கம்பெனியார் ரூ.1,485 கோடிக்குத் துறைமுகத்தை வாங்கினர். கை மாறியதேயன்றிக் கரி மாறவில்லை. குவியலை மூடி வைப்பதும் நீர் தெளிப்பதும் அப்படியொன்றும் பிரம்ம வித்தையல்லவே!

போலகத்தில் 2000-ல் ஏற்பட்ட மின்சார நிலையமோ வேறு ஜாதி. எரிவாயுவால் 32.5 மெகாவாட் உற்பத்தி செய்யும்படி அமைத்தார்கள். வாயு எரிந்த சூட்டையும் வீணாக்காமல், அதனால் நீராவி உண்டாக்கி இரண்டாவது சக்கரத்தைச் சுழற்றும் ஏற்பாடு. சமையல் முடிந்த தணலில் நம் வீட்டுப் பெண்மணிகள் பால் காய்ச்சிக்கொள்வதில்லையா, அந்தச் சிக்கனந்தான்!