புலி, மீன், வில்: சோழர் முத்திரை வழியே நிறுவனச் சின்னங்கள்

சோழப் பேரரசின் முத்திரையை இன்றைய சின்ன வடிவமைப்பாளரிடம் காட்டினால், அதன் உறுப்புகளில் பாதியை நீக்கச் சொல்வார். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு இராசராசன் அளித்த ஊர்க்கொடையைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடுகளின் வளைய முத்திரையில் அமர்ந்த புலி, பாண்டியரின் இரு மீன்கள், சேரரின் வில், குடை, சாமரங்கள், விளக்குகள், சுற்றிலும் கிரந்த எழுத்து வாசகம் என அத்தனையும் நெருங்கி நிற்கின்றன. ஆயினும் அது தன் பணியில் குறைபட்டதன்று. ஏடுகளைக் கோத்த வளையத்தின் இரு முனைகளையும் அம்முத்திரையே பூட்டியதால் வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ இயலாது. நுணுக்கம் மிகுந்த வார்ப்பு போலி செய்வதையும் கடினமாக்கியது.

அதைப் பார்ப்பவர் கையில் வைத்தே பார்த்தார் என்பதும் கருதத்தக்கது. நல்ல பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான ஒரு கலை அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும். இது 30 செ.மீ. தொலைவில் 0.1 மி.மீ.க்கும் குறைவு, 100 மீட்டரில் ஏறத்தாழ 3 செ.மீ. எனவே கைக்குள் தெளிவான கோடுகள், தெருவின் மறுகோடியிலுள்ள பலகையில் ஒன்றோடொன்று கலந்துவிடும். இடம் குறைந்த காசில் சோழரே சிக்கனம் காட்டினர்: உத்தம சோழன் காசில் புலியும் மீனும் பெயரும் மட்டுமே உள்ளன.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சின்னமாக்க விரும்புவோர் இக்கணக்கைப் பார்ப்பது நல்லது. அதன் 13 நிலைகளைக் கோடும் இடைவெளியுமாகப் பிரித்துக் காட்டக் குறைந்தது 25 வரிசைகள் வேண்டும். 16 புள்ளி உயரமே உள்ள கணினிச் சிறுபடத்தில் எஞ்சுவது ஒரு முக்கோணம். நெற்கதிரைச் சின்னமாக்குவதன் சிக்கல் வேறு: வரைவதற்கு எளிது, ஆனால் நெல் விளையும் நாட்டில் ஓர் அரிசி ஆலையை மற்றொன்றிலிருந்து அது பிரித்துக் காட்டாது. சேகர் காமத் வடிவமைத்து 1971இல் அறிமுகமான பாரத ஸ்டேட் வங்கியின் நீல வட்டத்தில் பணமுமில்லை, பெட்டகமுமில்லை. எனினும் கும்பகோணத்துக் கடைத்தெருவில் அதை வேறு வங்கியின் சின்னமென எவரும் மயங்குவதில்லை.

எளிமையால் மட்டும் சின்னம் நினைவில் பதிந்துவிடும் என்பதும் ஐயத்துக்குரியதே. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஆப்பிள் நிறுவனச் சின்னத்தை நினைவிலிருந்து வரையுமாறு கேட்கப்பட்ட 85 மாணவர்களில் ஒருவரே பிழையின்றி வரைந்தார். கடிவாயும் இலையும் எப்பக்கம் என்பதை மறந்தாலும் அன்றாடம் அதை இனங்காண இடர்ப்படாதவர்கள் அவர்கள். அடிக்கடி கண்ணில் படுவதே ஒரு பொருளின்மீது விருப்பத்தை வளர்க்கும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் காட்டினார். இருபதாண்டுகளாகப் பழகிய நீலச் சதுரத்தை விட்டு, 2010இல் முன்னதற்குக் குறையாத எளிமையுடைய புதுச் சின்னத்துக்கு மாறிய அமெரிக்க ஆடை நிறுவனமான கேப், வாடிக்கையாளர் எதிர்ப்பால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழையதற்கே திரும்பியது.